வீட்டுத் தோட்டத்து வெளிச்சம்: எவ்வளவு, எங்கே, எதுவரை

தமிழ்நாட்டுப் புறநகர்களில் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எழுந்த தனிவீடுகளைப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு பொருள் தவறாமல் கண்ணில் படும். சன்ஷேடுக்குக் கீழே, தெருவைப் பார்த்தபடி, 50 வாட் எல்.இ.டி. ஃபோகஸ் லைட். எலெக்ட்ரீஷியன் அதைச் சற்றே மேல்நோக்கித் திருப்பி முடுக்கிவிட்டுப் போயிருப்பார். மாலை ஆறு மணிக்குப் போட்டால், காலையில் பால் பாக்கெட் எடுக்க வருபவர் அணைக்கும்வரை எரியும். எதிர்வீட்டு மாடி ஜன்னல், தெருவோர வேப்பமரம், அதற்கு மேலுள்ள ஆகாயம் எல்லாவற்றுக்கும் வெளிச்சம் போகும். வீட்டிலிருந்து இறங்குகிறவர் கால் வைக்க வேண்டிய மூன்று படிகளில் மட்டும் அவர் நிழலே விழுந்து கிடக்கும்.

வெளிச்சம் மலிந்துபோனதுதான் இதற்கு முதல் காரணம். 60 வாட் குண்டு பல்பு சுமார் 700 லூமன் தரும். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் நம் வாசல்களுக்கு அதுவே அதிகம். பல வீடுகளில் 40 வாட்தான். இன்றைய 50 வாட் ஃபோகஸ் லைட் 4,500 முதல் 5,000 லூமன் தருகிறது. பழைய பல்பைவிடக் குறைந்த மின்சாரத்தில் ஆறேழு மடங்கு வெளிச்சம். இதைச் சாத்தியமாக்கிய நீல எல்.இ.டி.க்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மின்சாரம் மிச்சமாகும் என்பதே அந்தக் கண்டுபிடிப்பின் பெருமை. மிச்சமானதை நாம் கூடுதல் விளக்குகளாக எரித்துத் தீர்த்துவிட்டோம். 2011 முதல் 2022 வரை உலகெங்கும் ஆர்வலர்கள் வெறும் கண்ணால் எந்த நட்சத்திரம்வரை தெரிகிறது என்று பதிவுசெய்தவற்றைத் தொகுத்த ஓர் ஆய்வு 2023இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. இரவு வானத்தின் பிரகாசம் ஆண்டுக்குச் சுமார் 9.6 சதவீதம் கூடுகிறது என்பது அதன் முடிவு. இந்தக் கணக்கில் எட்டு ஆண்டுகளுக்குள் வானம் இருமடங்கு வெளுத்துவிடும். இதில் தெருவிளக்கு, விளம்பரப் பலகை, தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் பங்குண்டு. வீட்டு வாசலுக்கும் உண்டு. நம் கைக்கு எட்டுவது அது ஒன்றுதான்.

இருண்ட வானத்துக்காகப் பாடுபடும் டார்க்ஸ்கை அமைப்பும் வட அமெரிக்காவின் ஒளியூட்டல் பொறியாளர் சங்கமும் 2020இல் சேர்ந்து ஐந்து கோட்பாடுகளை வெளியிட்டன. காரணம் இருந்தால்தான் விளக்கு. தேவைப்படும் இடத்தில் மட்டும் வெளிச்சம். தேவைக்கு மேல் பிரகாசம் வேண்டாம். தேவையில்லாத நேரத்தில் அணைந்திருக்கட்டும். நிறம் கூடியவரை மஞ்சள் சார்ந்திருக்கட்டும். நம் வாசல் ஃபோகஸ் லைட் ஐந்திலும் தோற்கும். ஆனால் இந்த ஐந்தும் வானத்தையும் பூச்சியையும் காப்பாற்றுவதற்கான கட்டுப்பாடுகள் என்று மட்டும் படித்தால் பாதிதான் புரியும். தோட்டம் அழகாகத் தெரியவும், படியில் தடுக்காமல் இறங்கவும், வேலியோரம் யார் நிற்கிறார் என்று காணவும் வழி இவைதான். ஊருக்கு நல்லதும் வீட்டுக்கு நல்லதும் இந்த விஷயத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன. இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் அதைத்தான்.

முதலில் கண். இருட்டுக்குள் போனதும் கண்மணி விரிவது உடனே நடந்துவிடும். விழித்திரை முழுதாக இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். பளிச்சென்ற ஒரு விளக்கு நேராகக் கண்ணில் பட்டால் அந்தப் பழக்கம் நொடியில் கலைந்துவிடும். நல்ல பௌர்ணமி நிலவு தரையில் தரும் வெளிச்சம் மிஞ்சிப்போனால் 0.3 லக்ஸ். அந்த வெளிச்சத்தில் வயல் வரப்பில் நடந்தவர்கள் நம் பெற்றோர். ஆக, குறைந்த வெளிச்சம் கண்ணுக்குப் பிரச்சினையில்லை. கூசும் வெளிச்சமும், அதற்குப் பக்கத்திலேயே கிடக்கும் அடர்ந்த இருளும்தான் பிரச்சினை. வயதானவர்களுக்கு இது இரட்டைச் சிக்கல். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு இருபது வயதுக் கண்ணுக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமே போய்ச் சேரும். வில்லை மங்குவதால் கூச்சமும் அதிகம். அவர்களுக்காக வாட்டைக் கூட்டுவது பெரும்பாலும் கூச்சத்தைத்தான் கூட்டும். படிக்கு நேராக, மறைப்புள்ள ஒரு சின்ன விளக்கு அவர்களுக்கு அதிகம் உதவும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரவில் கேட்டருகே வந்து வீட்டைப் பார்த்து நில்லுங்கள். கையை நீட்டி, உள்ளங்கையால் விளக்கை மட்டும் மறையுங்கள். மறைத்த பிறகு தோட்டமும் சுவரோரமும் முன்பைவிடத் தெளிவாகத் தெரிகின்றனவா? அப்படியானால் அந்த விளக்கு உங்கள் பார்வையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. வாசல் தூணில் வைக்கும் பால்வெள்ளை உருண்டை விளக்குகள் இந்தச் சோதனையில் தேறுவது அரிது. அவை எல்லாத் திசையிலும் எரிகின்றன. பாதிக்குப் பாதி வானத்துக்கே போகிறது. பழைய வீடுகளில் வாசற்கதவின் இரு பக்கமும் சுவருக்குள் குடைந்த விளக்கு மாடம் இருந்தது நினைவிருக்கலாம். காற்றுக்கு அணையாமலிருக்கச் செய்தது; கூடவே சுடர் வானத்தைப் பார்க்காமலும் இருந்தது.

தோட்டத்துக்கு விளக்கு வைப்பதை ஒரு கலையாக யோசித்தவர்களில் அமெரிக்கரான ரிச்சர்ட் கெல்லி முக்கியமானவர். கட்டடக் கலைஞர் பிலிப் ஜான்சன் 1949இல் நியூ கேனன் என்ற ஊரில் தமக்கென நாற்புறமும் கண்ணாடிச் சுவரால் வீடு கட்டினார். இரவில் உள்ளே விளக்கைப் போட்டதும் கண்ணாடியெல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிட்டது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. கெல்லி உள்விளக்கைத் தணித்து, வெளியே மரங்களின் மேலும் புல்தரையின் மேலும் வெளிச்சத்தை வைத்தார். கண்ணாடி மறைந்து தோட்டம் வீட்டுக்குள் வந்தது. நம் ஊரில் ஹாலுக்குப் பெரிய கண்ணாடி ஜன்னலோ பிரெஞ்சு கதவோ வைத்தவர்களுக்கு இதே சிக்கல் உண்டு, தீர்வும் இதேதான். உட்காரும் இடத்திலிருந்து பார்க்கும்போது பத்துப் பதினைந்தடி தள்ளி ஒரு செடியிலோ பின்சுவரிலோ மெல்லிய வெளிச்சம், உள்ளே டியூப்லைட்டுக்குப் பதில் ஓரத்தில் ஒரு மேசைவிளக்கு. அவ்வளவே. தோட்டத்தை முழுக்க ஒளியில் குளிப்பாட்டினால் ஆழம் போய்விடும். நிழல் இருந்தால்தான் மரத்துக்குப் பின்னால் இடம் இருப்பது தெரியும்.

எந்த இடத்துக்கு எப்படி வைப்பது என்பதில் அதிகம் பேச வேண்டியது மரத்தைப் பற்றித்தான். கீழிருந்து மேல்நோக்கி அடிப்பது ஒரு வழி. அடர்ந்த கிளையுள்ள மாமரத்திலும் புங்கத்திலும் இலைகள் வெளிச்சத்தை ஏந்திக்கொள்ளும். விளக்கை அடிமரத்துக்கு நெருக்கமாக வைத்து, குறுகிய கற்றையுள்ளதாக வாங்கினால் சிந்துவது குறையும். தென்னைக்கு இது சரிப்படாது. நெட்டு மரம், உச்சியில் மட்டும் கீற்று. அடித்த வெளிச்சத்தில் பெரும்பகுதி கீற்றைத் தாண்டி மேகத்துக்குப் போய்விடும். போதாக்குறைக்கு, தென்னை அடியில் பதித்த விளக்கு என்றைக்காவது மட்டை விழுந்து நொறுங்கும். தேங்காய் விழுந்தால் சொல்லவே வேண்டாம். இன்னொரு வழி, மரத்தின் மேல் பதினைந்து இருபதடி உயரத்தில் விளக்கைக் கட்டிக் கீழ்நோக்கி விடுவது. இலை நிழல் தரையில் அசையும். நிலா வெளிச்சம் போலிருக்கும். வானத்துக்கு ஒன்றும் சிந்தாது. இரண்டில் எது என்று கேட்டால் நான் தயங்காமல் இரண்டாவதைச் சொல்வேன். மரத்தில் ஆணி அறைந்து கம்பியைச் சுற்றி இறுக்குவது மட்டும் கூடாது. மரம் பருக்கும், கம்பி பட்டைக்குள் புதைந்து சத்தோட்டத்தை அறுத்துவிடும். அகலப் பட்டையால் கட்டி ஆண்டுக்கொரு முறை தளர்த்திவிட வேண்டும். அடிமரம் முழுக்க சீரியல் செட் சுற்றி வருஷம் பூராவும் எரியவிடுவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. திருவிழாவுக்குப் போட்டதைத் திருவிழா முடிந்ததும் கழற்றலாம்.

பாதைக்கு முழங்காலுக்குக் கீழ் உயரத்தில், மேலே தொப்பி மூடிய 2, 3 வாட் விளக்குகள் போதும். இருபுறமும் விமான ஓடுதளம் போல நேருக்கு நேர் நிறுத்தாமல், மாற்றி மாற்றி வைப்பது நல்லது. படிக்குப் படியின் முகத்திலேயே. சுவருக்கு, அதன் அடியிலிருந்து உரசிப் போகும் வெளிச்சம்; செங்கல்லோ கருங்கல்லோ வெளித்தெரியும் சுவரானால் நன்றாயிருக்கும், பூசி பெயிண்ட் அடித்த சுவரானால் கொத்தனாரின் குறைகளெல்லாம் தெரியும்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: திருடன் வந்தால்? இதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 62 உள்ளாட்சிகளில் தெருவிளக்கைக் குறைத்ததன், அணைத்ததன் விளைவைப் பார்த்து 2015இல் வந்த ஆய்வு, அதனால் குற்றமோ விபத்தோ கூடியதற்குச் சான்றில்லை என்றது. நியூயார்க்கில் 2016இல் அரசுக் குடியிருப்புகள் சிலவற்றில் உயரமான தற்காலிக விளக்குகளை நிறுத்திப் பார்த்ததில், இரவில் வெளியிடத்தில் நடக்கும் கடுங்குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. இரண்டும் நம்பத்தக்க ஆய்வுகள். இடம், ஆள் நடமாட்டம், கண்காணிக்கும் கண்கள் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது என்றுதான் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டுமே பொது இடங்களைப் பற்றியவை. தனிவீட்டுக் கொல்லையில் யாருமே பார்க்காத நேரத்தில் எரியும் விளக்குக்கு அவற்றை அப்படியே பொருத்த முடியாது. பார்க்க ஆளில்லாத இடத்தில் வெளிச்சம், பூட்டை நெம்புகிறவனுக்கும் டார்ச் தேவையில்லாமல் செய்துவிடும். ஆள் அசைவைக் கண்டு எரியும் சென்சார் விளக்கு இதைவிட மேல். திடீரென்று எரிவதே பக்கத்து வீட்டாரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். நாயும் பூனையும் போகும்போதும் எரியத்தான் செய்யும். சென்சாரைச் சற்றுத் தாழ்த்தித் திருப்பினால் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் எரியாது. கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இரவுக் கேமராக்கள் அகச்சிவப்பில் தாமே பார்த்துக்கொள்ளும். ஃபோகஸ் லைட் அதன் கண்ணுக்கு நேராக இருந்தால் பதிவில் வெள்ளைப் புகைதான் மிஞ்சும்.

அடுத்த அச்சம் பாம்பு. இதை லேசாகப் பேச முடியாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர், இறந்திருக்கலாம் என்று 2020இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதனால் தோட்டத்துப் பாதைக்கு விளக்கு ஆடம்பரம் ஆகாது. ஆனால் பளீரென்ற விளக்கைப் பார்த்துப் பாம்பு ஓடிவிடும் என்பதை நம்பி இருக்கக் கூடாது. விளக்கடிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தேரையும் பல்லியும் வரும், அவற்றைத் தேடிப் பாம்பும் வரலாம். காலடியைக் காட்டும் தாழ்ந்த விளக்குதான் உதவும். பக்கவாட்டில் தாழ்வாக விழும் வெளிச்சத்தில் தரையில் கிடக்கும் எதற்கும் நீண்ட நிழல் விழும்; கயிறா பாம்பா என்று மேலிருந்து அடிக்கும் வெளிச்சத்தைவிடச் சீக்கிரம் தெரியும். விளக்கிருந்தாலும் கையில் டார்ச் இருக்கட்டும்.

பூச்சிகள் விளக்குக்கு ஏன் வருகின்றன என்பதற்கே 2024இல்தான் தெளிவான ஒரு விளக்கம் கிடைத்தது. பறக்கும் பூச்சி தன் முதுகை வெளிச்சமுள்ள பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். இயற்கையில் வெளிச்சம் மேலே வானத்தில் இருப்பதால் அப்படித்தான் நேராகப் பறக்க முடியும். பக்கவாட்டில் ஒரு பல்பு எரிந்தால், அதற்கு முதுகைக் காட்டிக் காட்டியே சுற்றிச் சுற்றிச் சிக்கிக்கொள்ளும். முதல் மழைக்கு ஈசல் கிளம்பியதும் “லைட்டை அணை” என்று வீட்டில் ஒரு குரல் கேட்குமே, அதைவிட நல்ல பாதுகாப்பு நடவடிக்கை இல்லை. கிராமங்களில் விளக்கை வைத்தே ஈசல் பிடித்து வறுத்துத் தின்றவர்கள், வெளிச்சத்தின் இழுப்பு எவ்வளவு வலியது என்பதை ஆய்வில்லாமலே அறிந்திருந்தார்கள். சுவிட்சர்லாந்துப் புல்வெளிகளில் இரவு விளக்கு வைத்துப் பார்த்ததில் பூக்களுக்கு வரும் இரவுப் பூச்சிகளின் வருகை 62 சதவீதம் குறைந்தது என்று 2017இல் ‘நேச்சர்’ இதழ் வெளியிட்டது. மல்லியும் நித்தியமல்லியும் அந்தியில் மணப்பது அந்துப்பூச்சிக்காகவும்தான். மின்மினியின் பாடு இன்னும் மோசம். ஒளிவிட்டே இணையைக் கூப்பிடுகிற பூச்சிக்குப் பக்கத்தில் ஃபோகஸ் லைட் எரிந்தால் அழைப்பு யாருக்கும் எட்டாது. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் மரம் மரமாக ஒரே தாளத்தில் மின்னும் மின்மினிக் கூட்டங்களைப் பற்றி 2022இல் வனத்துறையினர் சொன்னபோது நாடே வியந்தது. அந்தக் காட்டுக்கு அந்தி வந்தால் இருட்டு வருகிறது. நம் வீதிகளுக்கு வருவதில்லை.

கடற்கரை வீடுகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். சென்னைக் கரையில் ஜனவரி முதல், பங்குனி ஆமைகள் எனப்படும் கடலாமைகள் முட்டையிட ஏறுகின்றன. பொரித்து வரும் குஞ்சுகள், அடிவானத்தில் எது வெளிச்சமோ அதுதான் கடல் என்று நகரும். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மொட்டைமாடி விளக்கு எரிந்தால், அவை கடலை விட்டுத் தார்ச்சாலைக்கு ஏறும். மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பினர் 1988 முதல் இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காப்பதற்கு இந்த விளக்குகளும் ஒரு காரணம். கடலைப் பார்த்த விளக்குகளை ஜனவரி முதல் மே வரை அணைத்துவைப்பது அங்கே குடியிருப்பவர் செய்யக்கூடிய மிகச் சிறிய உதவி.

நிறம் பற்றிக் கடையில் கேட்டால் “வெள்ளையா, மஞ்சளா” என்பார்கள். பெட்டியில் 6500 கெல்வின் என்றிருந்தால் நீலம் தூக்கலான வெள்ளை. 3000 அல்லது 2700 என்றிருந்தால் வார்ம் ஒயிட். வெள்ளை எல்.இ.டி. என்பது உள்ளே நீல விளக்குதான். மேலே பூசிய பாஸ்பர் அதில் ஒரு பகுதியை மஞ்சளாக்குகிறது. நீலம் காற்றில் அதிகம் சிதறும். வானத்தை அதிகம் வெளுக்கும். நம் கண்ணில் உடல் கடிகாரத்துக்கென்றே உள்ள செல்கள் 480 நானோமீட்டர் நீலத்துக்குத்தான் அதிகம் விழிக்கின்றன; அதனால் மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகிறது. வார்ம் ஒயிட்டில் இலையின் பச்சை மங்கும், 4000 கெல்வினில்தான் பச்சை பச்சையாகத் தெரியும் என்று வாதிடும் வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் இரவில் செடி பகல்போல் பச்சையாகத் தெரிந்தே தீர வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மஞ்சள் ஒளிக்குப் பூச்சி வராது என்பதும் மிகை. குறைவாக வரும், அவ்வளவே. கடலோரத்துக்கும் காட்டோரத்துக்கும் அம்பர் நிறம் இன்னும் நல்லது.

செடிகளுக்கும் இரவு வேண்டும். கார்னர், அலார்டு என்ற ஆய்வாளர்கள் 1920இல் புகையிலையை வைத்துக் காட்டியபடி, பல செடிகள் இரவின் நீளத்தை அளந்தே பூக்கின்றன. சாமந்தி நீண்ட இரவைக் கண்டால் மொட்டு விடும். பாலிஹவுஸ் விவசாயிகள் நடு இரவில் விளக்கெரித்துப் பூப்பதைத் தள்ளிவைப்பது இதனால்தான். வியட்நாமில் டிராகன் பழத்தைப் பருவமில்லாத காலத்தில் பூக்கவைக்கவும் தோட்டத்தில் இரவு முழுக்க விளக்கு எரிக்கிறார்கள். வாசல் விளக்கடித் தொட்டியில் சாமந்தி தழைத்துக்கொண்டே போய்ப் பூக்கவில்லையென்றால், உரத்தைக் குறை சொல்லும் முன் விளக்கைப் பாருங்கள்.

மின்வேலையில் கஞ்சத்தனம் வேண்டாம். மழையும் மண்ணும் வெறுங்காலும் சேரும் இடம் தோட்டம். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி., முறையான எர்த், எலியும் பெருச்சாளியும் கடிக்காதபடி குழாய்க்குள் போகும் கேபிள் ஆகிய மூன்றும் கட்டாயம். முடிந்தால் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 12 வோல்ட்டில் ஓட்டுவது இன்னும் பாதுகாப்பு. தூரம் போகப்போகக் கடைசி விளக்கு மங்கும் என்பதால் கம்பி தடிமனாக இருக்க வேண்டும். நீரும் தூசியும் புகாத தன்மையைக் குறிக்கும் ஐ.பி. எண் 65 என்றால் பீய்ச்சும் நீரைத் தாங்கும். தரையில் பதிப்பதற்கு 67, தண்ணீருக்குள் வைப்பதற்கு 68. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கும் இடத்தில் தரைவிளக்கைப் பதிக்காமலிருப்பதே மேல். சோலார் குச்சி விளக்குகள் வயரிங் செலவை மிச்சப்படுத்தும். தகட்டில் தூசி படிந்தாலோ மரநிழலில் நின்றாலோ எட்டு மணிக்கே அவிந்துவிடும். பாதை ஓரத்துக்குப் பரவாயில்லை, படிக்கு அவற்றை நம்பக் கூடாது.

கணக்கும் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். 50 வாட் விளக்கு இரவு 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத மின்கணக்கில் 36 யூனிட். 3 வாட் விளக்குகள் நான்கு, மாலை நான்கு மணி நேரம் மட்டும் டைமரில் எரிந்தால் அதே காலத்துக்கு 3 யூனிட்கூட இல்லை. டைமர் வாங்க மறந்தால் மட்டும் இந்தக் கணக்கு குலையும். “தூங்கப் போகும்போது அணைக்கலாம்” என்பது எந்த வீட்டிலும் ஒரு வாரத்துக்கு மேல் நடப்பதில்லை.

சட்டம் என்று பார்த்தால், அமெரிக்காவின் ஃப்ளாக்ஸ்டாஃப் நகரம் 1958லேயே விளம்பரத் தேடொளி விளக்குகளைத் தடை செய்தது. பிரான்ஸ் 2018 இறுதியில் வெளி விளக்குகளின் நிறத்துக்கும் வானத்துக்குச் சிந்தும் அளவுக்கும் நேரத்துக்கும் வரம்பு கட்டியது. இந்தியாவில் லடாக்கின் ஹான்லே 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது; பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024இல் இருள்வானப் பூங்கா என்ற தகுதி பெற்றது. 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்கும் நம் காவலூரைச் சுற்றியுள்ள ஊர்களின் வெளிச்சமும் கூடிக்கொண்டுதான் போகிறது. வீட்டு விளக்கு பக்கத்து வீட்டுக்குள் அடிப்பதைத் தடுக்கத் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அதனால் இதை அக்கம்பக்கத்தில் பேசித்தான் தீர்க்க வேண்டும். புது விளக்கு மாட்டியதும் ஒரு நாள் இரவு பக்கத்து வீட்டம்மாவிடம் போய், “எங்க லைட் உங்க ரூமுக்குள்ள அடிக்குதாம்மா?” என்று கேளுங்கள். அடிக்கிறது என்றால் அவர் சங்கடப்பட்டுச் சொல்லாமலிருக்கலாம். அவர் ஜன்னலருகே நின்று நீங்களே பாருங்கள். விளக்கு கண்ணில் பட்டால், வெல்டரிடம் சொல்லி ஒரு தகர மறைப்பு அடித்து மாட்டிவிடுங்கள்.